படிப்பின் நடுவே மருத்துவ விடுப்பு

கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு உடல்நலம் குன்றினால் நாம் முதலில் டாக்டரைத் தேடுகிறோம். அடுத்து மருந்தைத் தேடுகிறோம். முடிந்தால் ஊருக்கு ஒரு ரயில் டிக்கெட்டும் எடுத்துவிடுகிறோம். கல்லூரி அலுவலகத்தின் நினைவு இவை எல்லாவற்றிற்கும் பின்னரே வருகிறது. அதற்குள் இரண்டு மாதங்கள் ஓடியிருக்கும். வருகை போதாமையால் தேர்வு எழுத இயலாது என்ற அறிவிப்பு வந்த பிறகு, சான்றிதழும் கையுமாக அலுவலக வாசலில் நிற்க நேர்கிறது. நோய் பறித்துக்கொண்டது சில வாரங்களையே. சொல்லாமல் இருந்தது பறித்துக்கொண்டது ஓராண்டை. ஆகவே, படிப்பின் நடுவே முறைப்படி மருத்துவ விடுப்புப் பெறுவது என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பருவமுறையில் ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 90 வேலைநாட்கள். பல பல்கலைக்கழகங்கள் நூற்றுக்கு 75 பங்கு வருகை வேண்டும் என்று விதித்திருக்கின்றன. அப்படியானால் 22 நாட்களுக்கு மேல் வராமலிருக்க வழியில்லை. மூன்றில் இரண்டு பங்கு வருகை போதும் என்னும் இடத்தில் 30 நாள் கிடைக்கும். டைபாய்டு சுரம் தணிந்து உடலில் தெம்பு ஏறவே மூன்று, நான்கு வாரம் ஆகிறது. மஞ்சட்காமாலை இன்னும் சில வாரங்களை எடுத்துக்கொள்ளக் கூடும். காசநோய்க்கோ மருந்து உண்ண வேண்டிய காலமே குறைந்தது ஆறு மாதம். இந்த நோய்களை வகுப்புக்குப் போய்க்கொண்டே சமாளித்துவிடலாம் என்று நினைப்பது கணக்கு அறியாத துணிச்சல்.

மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் வராத நாட்களெல்லாம் வந்த நாட்களாகிவிடும் என்ற எண்ணம் மாணவரிடையே பரவலாக இருக்கிறது. அது பெரும்பாலும் சரியன்று. சான்றிதழ் வருகையைக் கூட்டுவதில்லை. குறைவை மன்னிக்கும்படி கேட்க ஒரு காரணத்தை மட்டுமே தருகிறது. அந்த மன்னிப்புக்கும் எல்லையுண்டு. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் விதிகளை எடுத்துக்கொண்டால், 75 பங்குக்குக் குறைந்தும் 65-க்குக் குறையாமலும் இருப்பவருக்கே மருத்துவக் காரணத்தைக் காட்டி இடமுண்டு. அதற்குக் கீழே இறங்கியவருக்கு எத்தனை சான்றிதழ் இருந்தும் பயனில்லை. அந்தப் பருவத்தை மீண்டும் படித்தே தீர வேண்டும்.

இங்கேதான் விடுப்பின் பொருள் விளங்குகிறது. வராமல் இருப்பது ஒன்று. விட்டு விலகுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே, பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு படிப்பை நிறுத்திவைத்து, இடத்தையும் முன்பு பெற்ற மதிப்பெண்களையும் இழக்காமல், பின்னொரு பருவத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்று மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இதற்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்குகிறது. தமிழ்நாட்டில் ‘பிரேக் ஆப் ஸ்டடி’ என்பார்கள். சில இடங்களில் ‘செமஸ்டர் லீவ்’. வேறு சில இடங்களில் ‘செமஸ்டர் விதிட்ராயல்’. இந்தக் கடைசிச் சொல்லிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சில நிறுவனங்களில் அது தற்காலிக நிறுத்தத்தைக் குறிக்கிறது. பிற கல்லூரிகளில் ‘விதிட்ராயல்’ என்றால் சேர்க்கையையே ரத்துச் செய்துகொள்வது என்று பொருள். விண்ணப்பத் தாளில் எந்தப் பொருளில் அச்சொல் இருக்கிறது என்று கேட்டறியாமல் கையெழுத்துப் போடலாகாது. மாற்றுச் சான்றிதழை, அதாவது ‘டி.சி.’யை, வாங்கிக்கொண்டு வருவதும் வேண்டாம். சேர்க்கையை ரத்துச் செய்பவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த முறையில், சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பின் 30 நாட்கள் கடந்துவிட்டால் கட்டணத்தில் ஒன்றும் திரும்பாது என்று கண்டிருந்தது. பருவத்தின் நடுவில் நோய்ப்பட்டவர் அவசரத்தில் விலகினால் இடமும் போகும், பணமும் போகும்.

விண்ணப்பம் எழுதுவது பெரிய காரியமன்று. துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கோ பதிவாளருக்கோ, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று குறித்து, டாக்டரின் சான்றிதழை இணைத்து, மாணவரும் பெற்றோரும் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். மாணவர் மருத்துவமனையில் படுத்திருந்தால் பெற்றோரே எழுதலாம். பிரதி ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வது அவசியம். மின்னஞ்சலில் அனுப்பினால் பதில் வரும்வரை விடாது கேட்க வேண்டும். பேராசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லியாயிற்று என்பது போதாது. பேராசிரியர் நல்லவராகவே இருப்பார். ஆனால் வருகைப் பட்டியலைத் தயாரிப்பவர் அவரல்லர்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. பிள்ளை டில்லியிலோ புணேயிலோ படிக்கிறான். சுரம் விடவில்லை என்றதும் பாட்டி வீட்டுக்கு, மதுரைக்கோ திருச்சிக்கோ, அழைத்துச் சென்றுவிடுகிறோம். அங்கேயுள்ள டாக்டர் மருந்துச் சீட்டில் நாலு வரி எழுதித் தருகிறார். மூன்று மாதங்களுக்குப் பின் அதைக் கொண்டுபோய்க் காட்டினால், பதிவு எண் எங்கே, எந்த நாளிலிருந்து சிகிச்சை, அரசு மருத்துவமனையின் ஒப்புதல் உண்டா என்று வடக்கேயுள்ள குமாஸ்தா கேட்கிறார். ஆகையால் ஊரிலிருந்து திரும்புமுன்பே, டாக்டரின் பெயர், பதிவு எண், சிகிச்சை தொடங்கிய நாள், ஓய்வு தேவைப்படும் காலம் ஆகியவை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப்பட்ட சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளையும் சோதனை முடிவுகளையும் எறிந்துவிடக் கூடாது. விடுதியில் இருக்கும் பிள்ளையானால் வார்டனுக்கும் தனியே எழுத வேண்டும்; இல்லையெனில் அறை வாடகையும் சாப்பாட்டுக் கணக்கும் ஏறிக்கொண்டே போகும்.

காசநோயைப் பற்றித் தனியே சில வார்த்தைகள் கூற வேண்டும். இந்நோய் என்றாலே பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்து எங்கோ ஒரு சானிடோரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றிய ஆராய்ச்சி நடந்தது நம் சென்னையிலேயே. 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களையும் சானிடோரியத்தில் தங்கி மருந்து உண்டவர்களையும் ஓராண்டு காலம் ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-இல் வெளிவந்த முடிவு உலகத்தையே வியக்கச் செய்தது. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை. இன்று மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்குச் சாதாரணமாக ஆறு மாதச் சிகிச்சை. சரியாக மருந்து உண்பவர் சில வாரங்களிலேயே பிறருக்கு நோய் பரப்பும் நிலையைப் பெரும்பாலும் கடந்துவிடுகிறார். ஆகவே ஒரு பருவம் விடுப்பு எடுத்தால் பலருக்குப் போதுமானதாக இருக்கும்.

ஆனால் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் இருமல் நின்று எடை கூடியதும், நோய் தீர்ந்தது, கல்லூரிக்குப் போகலாம், மாத்திரை போதும் என்று தோன்றும். கல்லூரிக்குப் போவதை டாக்டர் அனுமதிக்கலாம். மாத்திரையை நிறுத்துவதை எவரும் அனுமதிக்க மாட்டார். நடுவில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாகி, ஆறு மாதம் என்பது இன்னும் நீண்டுவிடக் கூடும். அரசுத் திட்டத்தில் இம்மருந்து இலவசம், நாடெங்கும் உண்டு. ஒரு மாநிலத்தில் சிகிச்சையைத் தொடங்கிய மாணவர் ஊருக்குப் போனால் அங்கே பதிவை மாற்றிக்கொண்டு தொடரலாம். ஊட்ட உணவுக்காக மாதந்தோறும் தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மனநோயால் வாடும் மாணவரின் நிலை இதைவிடக் கடினம். காய்ச்சலைக் கண்ணால் காணலாம். தூக்கமின்மையும் சோர்வும் பயமும் சோம்பலென்று பெயர் வாங்கிவிடுகின்றன. “இத்தனை செலவு செய்து படிக்க வைக்கிறோம், படிக்க உனக்கு என்ன கேடு?” என்று கேட்கும் தந்தை தம் பிள்ளையின் பகைவர் அல்லர், ஆயினும் அந்தக் கேள்வி பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. இங்கேயும் விடுப்பு உண்டு என்பதை இருவரும் அறிய வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. சான்றிதழில் நோயின் பெயரை விரிவாக எழுதாமல், ‘மருத்துவக் காரணத்தால் இன்ன காலம் வகுப்புக்கு வர இயலாது’ என்று எழுதித் தரும்படி டாக்டரைக் கேட்கலாம். கல்லூரி மேலும் விவரம் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். யாரிடம் போவது என்றே தெரியாதவர்களுக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவை இருக்கிறது. அதன் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். வேற்று மொழி வழங்கும் ஊரில் மனக்குறையைத் தாய்மொழியில் சொல்லக் கிடைப்பதை நாம் சிறிய உதவியாகக் கருதவில்லை.

விடுப்பு எடுத்தால் பட்டத்துக்குரிய காலம் தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு அதிக இடமில்லை. 2022 டிசம்பரில் வெளியான பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலைப் பட்டத் திட்டத்தை ஏற்ற இடங்களில், இடையில் வெளியேறியவர் மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் சேர்ந்து, மொத்தம் ஏழு ஆண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்கலாம். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு உச்சவரம்பு ஒன்பது ஆண்டு. எனினும் முதலாண்டு முடிவில் சான்றிதழ் பெற்று வெளியேறும் அந்தப் புதிய வழியையும் மருத்துவ விடுப்பையும் ஒன்றென எண்ணக் கூடாது. நோயுற்றவருக்கு விடுப்பே மேல் என்பது நம் அபிப்பிராயம். வெளியேறியவர் திரும்பும்போது இடம் காத்திருக்குமா என்று எழுத்தில் கேட்டுத் தெளிய வேண்டியிருக்கும்.

வங்கியில் கல்விக் கடன் பெற்றிருந்தால் வங்கிக்கும் விடுப்பு உத்தரவின் பிரதியை அனுப்ப வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்பை உரிய காலத்தில் முடிக்க இயலாதவருக்கு இரண்டு ஆண்டு வரை நீட்டிப்புத் தர வங்கிக்கு இடமுண்டு. கேட்காதவருக்குத் தவணை நோட்டீஸ்தான் வரும். உதவித்தொகை பெறுவோரும் அதை வழங்கும் அலுவலகத்துக்கு உடனே எழுதிவிடுவது நலம்.

திரும்பும் காலத்தில் ‘உடல் தகுதியுள்ளவர்’ என்ற சான்றிதழைப் பல கல்லூரிகள் கேட்கின்றன. அதை வகுப்பு தொடங்கும் நாளன்று அல்ல, பருவப் பதிவு தொடங்குமுன்பே கொடுக்க வேண்டும். விடுதி அறைக்கும் அப்போதே மனுச் செய்ய வேண்டும். பாடத்திட்டம் இதற்குள் மாறியிருந்தால் எந்தத் தாளை எந்த விதியின் கீழ் எழுதுவது என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம். தம்மைவிட ஓராண்டு இளையவர்களோடு உட்காரப் பிள்ளை முதலில் கூசுவான். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேலை செய்ய ஒரு துணை கிடைத்த பின் அது பெரும்பாலும் மறந்துபோகிறது. உறவினர் கேட்கும் கேள்விகளே நீண்ட நாள் தொடரும். அவற்றுக்குப் பதில் சொல்லும் வேலையைப் பெற்றோர் தாமே ஏற்றுக்கொள்ளலாம்.