மரத்தூளும் நம் மூச்சும்



நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள் என்று ஹதீஸில் வந்துள்ளது. அந்தக் கண்ணியமான உழைப்பில்தான் நம் ஜமாஅத்தின் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. மர அறுவை மில்லிலும் பர்னிச்சர் பட்டறையிலும் வேலை செய்யும் நம்மவர்களின் மூச்சைப் பற்றி இந்த இதழில் பேச விரும்புகிறோம்.

ரம்பத்தடியில் குவியும் கரடான தூள் பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். உப்புத்தாளும் சாண்டிங் மெஷினும் கிளப்பும் மாவு போன்ற தூள் அப்படியல்ல. அது நுரையீரலுக்குள் இறங்கி, மூச்சுக்குழாயை வீங்கவைத்துச் சுருக்குகிறது. சிலருக்கு ஒவ்வாமையாகி ஆஸ்துமா வருகிறது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அறிவித்தது. குறிப்பாக மூக்கின் உட்பகுதியில் இந்த ஆபத்து உண்டு.

மூச்சு ஒரே நாளில் குறைவதில்லை. அதனால்தான் பலர் கவனிக்கத் தவறுகிறோம். மாடிப்படி ஏறும்போது இளைத்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். வேலை நாட்களில், குறிப்பாக மாலையிலும் இரவிலும், இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சில் விசில் சத்தம் இருக்கிறதா? லீவு நாட்களில் அது குறைகிறதா? அப்படியானால் வேலையிடத்துத் தூளே காரணமாக இருக்கலாம். இதை முதலில் கவனிக்கக்கூடியவர்கள் வீட்டுப் பெண்கள்தான்.

மருத்துவரிடம் போனால், என்ன வேலை செய்கிறோம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரி என்ற சோதனையில், மூச்சை நன்றாக இழுத்து ஒரு குழாயில் வேகமாக ஊத வேண்டும். ஆரோக்கியமானவர் தம் மூச்சில் ஏறத்தாழ முக்கால் பங்கையோ அதற்கு மேலோ முதல் 1 விநாடியிலேயே ஊதிவிடுவார். குழாய் சுருங்கியிருந்தால் அது முடியாது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து தூளிலிருந்து விலகினால் ஆஸ்துமா குறைய நல்ல வாய்ப்பு உண்டு. பல ஆண்டுகளில் நிரந்தரமாக இழந்த மூச்சை மருந்தால் முழுமையாக மீட்க முடியாது. இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

பட்டறையில் செய்ய வேண்டியவை:

- தூளை மெஷினிலேயே பிடியுங்கள். தூள் உறிஞ்சும் வேக்குவம் இணைத்த மெஷின்தான் முதல் பாதுகாப்பு.
- உடையிலும் தரையிலும் உள்ள தூளைக் காற்றுக்குழாயால் ஊதாதீர்கள். வேக்குவத்தால் எடுங்கள், அல்லது தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள்.
- கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் அணியுங்கள்.
- தாடி இருந்தால் அந்தக் கவசம் முகத்தில் ஒட்டாது. இடைவெளியில் தூள் புகும். தாடி வைத்துள்ள சகோதரர்களுக்கு, வடிகட்டிய காற்றை விசிறி மூலம் தரும், தலையை மூடும் தளர்வான கவசம் உள்ளது.
- உடை மாற்றிய பிறகு பிள்ளைகளைத் தூக்குங்கள். பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். அவை பாதிப்பைக் கூட்டும்.

பட்டறை நடத்தும் சகோதரர்களே, உங்களிடம் வேலை செய்பவரின் உடல்நலத்திலும் உங்களுக்குப் பொறுப்பு உண்டு. தூள் உறிஞ்சும் மெஷினை வீண் செலவாக எண்ணாதீர்கள்.

உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். ஹலாலான உழைப்பைப் பேணுவது போல, உழைக்கும் உடலையும் பேணுவோம். அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.