எடைக்கருவி சொல்லாத செய்தி

பங்குகளில் மருத்துவ முகாம் நடைபெறும்போது, முதலில் எடையையும் உயரத்தையும் அளந்து, ஓர் எண்ணைச் சீட்டில் குறித்துத் தருவது வழக்கம். பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண் அது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. அந்த எண் சரியாக இருந்துவிட்டால், நோயில்லை என்று நிம்மதி கொள்கிறோம். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதுமா?

இக்கணக்கைத் தந்தவர் மருத்துவர் அல்லர். பெல்ஜிய நாட்டு வானியல் அறிஞரும் புள்ளியியலாளருமான கெட்லே என்பவர், 19-ஆம் நூற்றாண்டில், மக்கள் திரளின் சராசரி உடலமைப்பை ஆராய்ந்தபோது கண்டது இது. 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். கூட்டத்தை அளக்க எழுந்த கோலால் இன்று தனி மனிதரை அளக்கிறோம்.

நம் வெம்பக்கோட்டை வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டாசுப் பெட்டிகளைத் தலைச்சுமையாக வண்டியில் ஏற்றும் தொழிலாளி ஒருவர். காலை முதல் மாலை வரை அமர்ந்தபடியே சரம் பின்னும் தாய் ஒருவர். இருவருக்கும் உயரம் 160 சென்டிமீட்டர், எடை 56 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் எண் 21.9 தான். ஆனால் அவர் உடலில் இருப்பது உழைத்து இறுகிய தசை. இவர் வயிற்றில் சேர்ந்திருப்பதோ கொழுப்பு. எடைக்கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இது வெறும் கற்பனையன்று. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடலையே சோதித்து, 2004-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்கிற்கு 21.2 விழுக்காடு! மெலிந்து தோன்றும் இந்தியருக்கும் நீரிழிவு வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆகவேதான், பொதுவாக 25 என்றிருந்த மிகை எடையின் எல்லையை, இந்தியருக்கு 23 என மருத்துவ வல்லுநர்கள் குறைத்துள்ளனர்.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வகுத்த நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் பி.எம்.ஐ.க்கு இடமே இல்லை. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்னும் நான்கே கேள்விகள். நூற்றுக்கு 60-ம் அதற்கு மேலும் பெற்றவர் கட்டாயம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

குறியீட்டெண்ணைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. 18.5-க்குக் குறைந்தால் ஊட்டக்குறைவு இருக்கலாம் என எச்சரிப்பது அதுவே. அது முதற்படி, முடிவன்று.

தையற்காரர் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டு அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது. தாண்டினால், ஒல்லியாக இருக்கிறோம் என்று வாளாவிருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுங்கள்.

ஈசாயின் மூத்த மகன் எலியாபின் நெடிய உருவத்தைக் கண்டு வியந்த சாமுவேலை, உயரத்தைப் பாராதே என்று ஆண்டவர் தடுத்தாட்கொண்டார். உள்ளத்திற்கு உரைத்த அப்பாடம் உடலுக்கும் பொருந்தும். தூய ஆவியார் குடிகொள்ளும் ஆலயமாகிய உடலை, வெளித்தோற்றம் கண்டு மட்டும் மதிப்பிடாதிருப்போமாக.