பழைய டிராக்டருக்கு எத்தனை அடிப் புதர்வெட்டி?

துர்க்காபூர் எஃகு ஆலையில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பானாகர் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறார். என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணா என்றுதான் அழைப்பேன். மாங்கன்று வைக்க வேண்டும், பொங்கலுக்கு நம் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து அங்கே பானை வைக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் பாதி நிலத்தில் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது.

அவரிடம் பழைய ஸ்வராஜ் 724 டிராக்டர் ஒன்று உண்டு. சுமார் 25 குதிரைத்திறன். அதன் வடிவமைப்பு உருவானது துர்க்காபூரில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இங்குள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1974-ல் மொகாலியில் தயாரிப்புக்கு வந்தது. நிலையத்தின் இயக்குநராக இருந்த மன்மோகன் சூரி, டீசல் ரயில் இஞ்சினுக்கு 'சூரி டிரான்ஸ்மிஷன்' கண்டுபிடித்த நம் ரயில்வேக்காரர். அதனால் அந்த வண்டி மேல் எனக்குக் கொஞ்சம் சொந்தக்காரப் பாசம்.

புதர் வெட்ட, டிராக்டரின் பின்னால் மாட்டும் ஸ்லாஷரை இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கப் போனோம். நாலடி, ஐந்தடி, ஆறடி என மூன்று இருந்தன. "ஆறடி எடுங்க பாபு, சீக்கிரம் முடியும்" என்றார் கடைக்காரர். அண்ணா என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் இஞ்சினோடு குடித்தனம் செய்த நான், கணக்குப் போடாமலே தலையாட்டினேன்.

முதல் தவறு அதுதான். புதர் வெட்ட, அடிக்கு 5 குதிரைத்திறனாவது பி.டி.ஓ. தண்டில் கிடைக்க வேண்டும் என்பது பொது விதி. இஞ்சினுக்கு எழுதியிருக்கும் 25 முழுதாகப் பின்னால் வராது. 20, 21 வந்தால் உண்டு. வயதான இஞ்சினுக்கு அதிலும் கழிவு. ஆக, நாலடிதான் கணக்கு. வெறும் புல்லென்றால் ஐந்தடி போகலாம். ஆறடியோ புதரில் நுழைந்ததும் இஞ்சினை முக்க வைத்தது. போதாததற்கு அதன் கனம் பின்னால் தொங்க, முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் திருப்பினால் வண்டி யோசித்துத்தான் திரும்பியது.

இரண்டாவது தவறு பெரிது. நிலத்தின் மூலையில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு ஒன்று. அண்ணா அதை நோக்கி வெட்டிக்கொண்டு போய், பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்போது கிளட்சை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. "நிக்கலப்பா!" என்று கத்தினார். இரண்டு பிரேக்கையும் ஏறி மிதித்த பிறகு, கிணற்றுக்கு ஒரு கஜம் முன்னால் நின்றது. இறங்கினவர் பேசவே இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

காரணம் எளியது. அவருடைய வண்டியில் ஒற்றைக் கிளட்ச். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் வந்த பெர்குசன் டி.இ.20, அமெரிக்க போர்டு 8என் போன்ற அந்தக்காலச் சின்ன டிராக்டர்களிலும் இதே ஏற்பாடுதான். கிளட்சை மிதித்தால் இஞ்சின்தான் விலகும், பி.டி.ஓ.வும் பின் சக்கரமும் கியர்பாக்ஸ் வழியே பிணைந்தே இருக்கும். சுழலும் கத்தி ஒரு பெரிய ஃபிளைவீல். அது தன் வேகத்தைத் திருப்பிக் கொடுத்துச் சக்கரத்தை உருட்டும். இறக்கத்தில் ரெகுலேட்டரை மூடினாலும் பின்னால் வேகன்கள் இஞ்சினைத் தள்ளுமே, அதுபோல. கத்தி நீளம் கூடக் கூட இந்தத் தள்ளல் பல மடங்காகும். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாளே ஆறடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விசாரித்து, நாலடி ஸ்லாஷர் ஒன்றை விலைக்கே வாங்கினோம். கூடவே 'ஓவர்ரன்னிங் கிளட்ச்' ஒன்று. சைக்கிள் பின் சக்கரத்து ஃப்ரீவீல் மாதிரி. டிராக்டர் கத்தியைச் சுற்றலாம், கத்தி டிராக்டரைச் சுற்ற முடியாது. பி.டி.ஓ. தண்டில் அதைச் செருகியதும் மொத்த நீளம் நாலு அங்குலம் போலக் கூடும். இணைப்புத் தண்டை அந்த அளவுக்கு அறுத்துக் குறைக்காவிட்டால், ஸ்லாஷரைத் தூக்கும்போது இடித்து கியர்பாக்ஸை உடைக்கும். அறுப்பதற்கு முன் மேலே தூக்கியும் கீழே இறக்கியும் அளந்து பாருங்கள்.

நாலடியில் ஒரு குறை உண்டு. டயர்களின் வெளி அகலம் அதைவிட அதிகம். ஓரங்களில் மிதிபட்ட செடி வெட்டுப்படாமல் நிற்கும். அடுத்த நடையை ஓரடி உள்ளே தள்ளி ஓட்டினால் சரியாகும். நேரம் ஆகும்தான்.

தண்டில் ஒரு ஷியர் போல்ட் இருக்கும். கல்லில் கத்தி இடித்தால் அது அறுந்து மற்றதைக் காப்பாற்றும். நம் மெக்கானிக் "அடிக்கடி போகுது" என்று கெட்டியான போல்ட் போட வந்தார். வீட்டு ஃபியூஸில் தடிக் கம்பி கட்டுகிற அதே புத்தி! தடுத்துவிட்டேன். நாலடிக் கத்தி நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ராஜதானி ஓடுவதே 130-ல்தான். அந்த வேகத்தில் தெறிக்கும் கல்லை நினைத்து, 300 அடிக்குள் பிள்ளைகளை விடுவதில்லை.

இப்போது அரை ஏக்கர்தான் பாக்கி. கிணற்றைச் சுற்றி மட்டும் டிராக்டரை விடாமல், அண்ணாவே ஆள் வைத்து அரிவாளால் வெட்டச் சொல்லியிருக்கிறார். கைப்பிடிச் சுவருக்குச் செங்கல் வந்து இறங்கிவிட்டது.