தள்ளாடுவோர் யாவரும் குடித்தவர் அல்லர்

சென்னையிலிருந்து கப்பலேறி இத்தீவுகளுக்கு வந்த அன்பர்களுக்கு இவ்வனுபவம் புதிதன்று. முதல் நாள் தலை சுற்றும். உண்டது வயிற்றில் தங்காது. அடுத்தடுத்த நாள்களில் உடல் பழகிவிடும். ஹாடோ துறையில் இறங்கியதும் அசையாத தரையே அசைவதுபோல் தோன்றும். தமக்கை வீட்டிற்கு வந்த அன்று நானும் அவ்வாறே தள்ளாடினேன். குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

இவ்விந்தையில் பெரும்பங்கு சிறுமூளையினுடையது. பிடரிப் பக்கத்தில், பெருமூளைக்குக் கீழே அது அமைந்துள்ளது. எடையில் மூளை முழுவதிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஆயினும் நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அதனுள் அடங்கியிருக்கின்றன.

நான் இரயில்வே குமாஸ்தா. ஆகவே எனக்குத் தெரிந்த உவமையைக் கூறுகிறேன். வண்டியை ஓட்டுபவர் டிரைவர். கண்ட்ரோல் அலுவலகமோ, ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் செய்தி பெற்று, கால அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்தம் சொல்கிறது. அதுபோல, 'நட' என்று கட்டளையிடுவது பெருமூளை. உட்செவி, கண், தசை, மூட்டு ஆகியவை அனுப்பும் செய்திகளை அக்கட்டளையோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவது சிறுமூளை. கடலில் அது அலையின் ஆட்டத்திற்கேற்பத் தன் கணக்கை மாற்றிக்கொள்கிறது. கரையேறியபின் பழைய கணக்கிற்குத் திரும்பச் சிறிது காலம் வேண்டும்.

பிரெஞ்சு விஞ்ஞானி புளூரன்ஸ், புறாக்களின் சிறுமூளையை நீக்கிச் செய்த சோதனைகளை 1824-இல் வெளியிட்டார். பறவைகளின் வலிமை போகவில்லை. இயக்கத்தின் ஒழுங்கே குலைந்தது. முதல் உலகப் போரில் பிடரியில் காயமுற்ற வீரர்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் வைத்தியர் கார்டன் ஹோம்ஸ், அவர்களுடைய கை குறி தவறுவதையும் நடை தடுமாறுவதையும் விரிவாக எழுதினார்.

மதுவும் சிறுமூளையைத் தாக்குகிறது. அதனால் குடித்தவன் நடையும் நோயாளியின் நடையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இதை அறியாமல் நான் ஒரு பிழை செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன், பயணச்சீட்டு வாங்க ஒரு பெரியவர் தள்ளாடி வந்தார், நாக்கும் குழறிற்று. குடித்தவர் என்றெண்ணி, வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லாமல், நடுங்கும் கையால் வைத்தியர் எழுதிய சீட்டை எடுத்து நீட்டினார். சிறுமூளை நோய்க்குச் சிகிச்சை பெறச் செல்பவர் அவர். இன்றும் அதை நினைத்தால் நாணுகிறேன்.

இந்நோய்களுள் சில பரம்பரையாக வருவன. தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தாரிடையே அத்தகைய நோயொன்று மிகுந்திருப்பதை 2005-இல் மருத்துவர்கள் ஆராய்ந்து வெளியிட்டனர். பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு.

வேறு சில திடீரென வருவன. நன்றாயிருந்தவர் சட்டென நிலைதடுமாறி, கடுந்தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை ஆகியவற்றுள் எதையேனும் கண்டால், பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திராதீர்கள். சிறுமூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டிருக்கலாம்; அல்லது அங்கே இரத்தக் கசிவு நேர்ந்திருக்கலாம். உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தீவு விட்டுத் தீவு செல்ல வேண்டிய நமக்கு ஒவ்வொரு நாழிகையும் பெரிது.

கப்பலிலிருந்து இறங்கிய அன்று நாமும் தள்ளாடினோம். நம்மை யாரும் குடிகாரர் என்று ஏசவில்லை. அந்தக் கருணையை வீதியில் தள்ளாடும் பிறர்க்கும் காட்டுவோமாக.