பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

மின்சாரக் காரை ஒரு வருஷம் ஓட்டியவர்கள் கரன்ட் பில்லையும் பழைய பெட்ரோல் செலவையும் ஒப்பிட்டுச் சொல்லும்போது முகம் மலர்கிறது. சவாரி எப்படி என்று கேட்டால்தான் பேச்சு தயங்குகிறது. வேகத்தடையில் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் ‘டங்’கென்று உள்ளே கேட்கிறது. வீட்டுப் பெரியவர்கள் முன்சீட் காலியாக இருந்தால் மட்டுமே ஏறுகிறார்கள்.

இதற்கு மருந்தாகத்தான் ஷாக் அப்சார்பர் மாற்றம், ஸ்பிரிங் மாற்றம், புதிய வீல் என்று ஒரு தனிச் சந்தை வளர்ந்திருக்கிறது. அந்தச் சந்தை யாருடைய உடம்பை மனதில் வைத்து விற்கிறது? பணம் கொடுப்பவர் ஸ்டியரிங் பிடிக்கிறார். அடி வாங்குபவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். சஸ்பென்ஷனில் கைவைப்பதற்கு முன் இதை யோசித்தே ஆக வேண்டும்.

எடை செய்யும் வேலை

ஒரே உடலில் பெட்ரோலும் பேட்டரியும் வரும் கார்களில், பேட்டரிக் கார் ஏறத்தாழ 200 கிலோ கூடுதலாக இருப்பது சகஜம். அந்தப் பாரத்தில் கார் தாழ்ந்துவிடாமல் இருக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்குகிறார்கள். விறைத்த ஸ்பிரிங்கை அடக்க ஷாக்கையும் இறுக்குகிறார்கள். டயரும் மாறுகிறது. 215/60 ஆர்16 அளவில், சுமை எண் 95 உள்ள டயர் 690 கிலோ தாங்கும். 99 உள்ளது 775 கிலோ தாங்கும். இந்தக் கூடுதல் பலம் கெட்டியான கட்டமைப்பிலிருந்தும் அதிகக் காற்றழுத்தத்திலிருந்தும் வருகிறது. இரண்டுமே சாலையின் சிறு குலுக்கலை வடிகட்டாமல் மேலே அனுப்புபவை. எஞ்சின் சத்தம் இல்லாததால், முன்பு காதில் விழாத ஒவ்வொரு தட்டலும் இப்போது விழுகிறது.

பின்சீட்டுக்கு இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. முன் ஸ்பிரிங் மெதுவாக ஆட வேண்டும், பின் ஸ்பிரிங் சற்று விரைவாக ஆட வேண்டும் என்பது 1930களிலேயே அமெரிக்கக் கார் வடிவமைப்பில் வேரூன்றிய பாடம். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்சக்கரம் தாமதமாக ஏறினாலும் விரைவாக ஆடி முன்பக்கத்தோடு சேர்ந்துகொண்டால், கார் முன்னும் பின்னும் தலையாட்டாமல் சமமாக எழுந்து அமரும். விரைவாக ஆட வேண்டுமென்றால் பின் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தாக வேண்டும். அதோடு, அது ஐந்து பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் தாங்கும்படி கணக்கிடப்பட்டது. தினமும் அதன் மேல் உட்காருவதோ மருத்துவமனைக்குப் போகும் ஐம்பது கிலோ பாட்டி ஒருவர். முழுப் பாரத்துக்கான ஸ்பிரிங் அவருக்கு வளைந்து கொடுக்காது. சிறிய மின்கார்கள் பலவற்றில் பின் அச்சு டார்ஷன் பீம் வகை. ஒரு பக்கச் சக்கரம் வாங்கும் அடியில் ஒரு பங்கு மறுபக்கத்துக்கும் போகும்.

முட்டி உயர்ந்தால் முதுகுக்கு ஆபத்து

பின்சீட்டுக்கு முன்னால் காலை வைத்துப் பாருங்கள். பேட்டரி கீழே இருப்பதால் பல கார்களில் தரை உயர்ந்திருக்கிறது. சீட் அந்த அளவுக்கு உயரவில்லை. முட்டி மேலே எழுகிறது, தொடை சீட்டைவிட்டு விலகுகிறது, உடம்பின் பாரமெல்லாம் வால் எலும்புப் பக்கம் இறங்குகிறது. இதே நிலையில்தான் வேகத்தடை வந்து இடிக்கிறது.

உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை அதிகம் வருத்துவது நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை மேலும் கீழுமாக வரும் அதிர்வு. முதுகுத்தண்டும் வயிற்றுறுப்புகளும் அந்த வேகத்தில் கூடவே ஆடத் தொடங்குகின்றன. அதிர்வை அளக்கும் ஐஎஸ்ஓ 2631 தரநிலையும் இந்த எல்லையில் வரும் செங்குத்து அதிர்வுக்குத்தான் அதிக மதிப்பளிக்கிறது. பேருந்தின் பின்வரிசையில் இருந்தவர்கள் வேகத்தடையில் தூக்கிப் போடப்பட்டு முதுகெலும்பு நசுங்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பெரியவர்கள் ஏற மறுத்தால் அதை வயதின் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள். காரைப் பற்றிய மிகச் சரியான விமர்சனம் அவர்களிடமிருந்துதான் வருகிறது.

நம் வேகத்தடைகளும் லேசுப்பட்டவை அல்ல. இந்தியச் சாலை நெறிமுறைப்படி, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. தெருக்களில் நாம் ஏறி இறங்குவதோ ஒரு முழ அகலத்தில் நிமிர்ந்து நிற்கும் தார் மேடுகள். சாலையைச் சரிசெய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான், ஆனால் அதுவரை பாட்டியின் இடுப்பு காத்திருக்காது.

விற்பதும் வேலை செய்வதும்

அதிகம் விற்பனையாகும் பொருட்களில் ஒன்று ஸ்பிரிங் பஃபர். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் செருகும் இந்த ரப்பர்த் துண்டு காரைக் கொஞ்சம் தூக்கும். பேட்டரி தரையில் உரசாது என்ற நிம்மதி கிடைக்கும். ஆனால் அது ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அதனால் ஸ்பிரிங் மேலும் விறைக்கிறது. சொகுசுக்கு என்று வாங்கியது குலுக்கலைக் கூட்டுகிறது.

அடுத்தது பெரிய வீல். 215/60 ஆர்16 டயரின் பக்கச்சுவர் 129 மில்லிமீட்டர். 215/50 ஆர்18 ஆக மாற்றினால் அது ஏறத்தாழ 108 தான். பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்ளும் காற்று மெத்தையில் இரண்டு சென்டிமீட்டரைக் காசு கொடுத்து அறுத்துவிடுகிறோம். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் ரப்பருக்குப் பதிலாகப் போடும் பாலியூரித்தேன் புஷ்ஷும் இதே ரகம். வளைவில் கார் உறுதியாக நிற்கும் என்று இவற்றை விரும்புபவர்கள் சொல்வது நெடுஞ்சாலையில் உண்மை. ஆனால் அன்றாடப் பயணம் தெருவில்தானே?

அப்படியானால் மெத்தென்ற ஸ்பிரிங் போட்டால் போதுமா? போதாது. ஐந்து நொடிக்கு ஒருமுறை போன்ற நிதானமான ஆட்டம்தான் குமட்டலை வரவழைக்கிறது. அளவுக்கு மீறி நெகிழ்ந்த சஸ்பென்ஷன் முழுப் பாரத்தில் அடிமுட்டும். அந்த இடி எல்லாவற்றையும்விடக் கொடியது. தேவை விறைப்பும் அல்ல, தொளதொளப்பும் அல்ல, அடக்கம். அந்த வேலை ஷாக்குடையது. சின்னஞ்சிறு விரைவான அதிர்வுக்கு எண்ணெய்க்குக் கூடுதல் வழிவிட்டு, பெரிய நிதான ஆட்டத்துக்கு அந்த வழியை அடைக்கும் ஷாக்குகள் இருக்கின்றன. மாற்றுவதென்றால், ஸ்பிரிங்கைத் தொடாமல், உங்கள் காரின் எடைக்கென்றே செய்த அத்தகைய ஷாக்கைத் தேடுங்கள். பெட்ரோல் காருக்கான ஷாக் மின்காரில் பொருந்தி உட்காரலாம். அதன் எடைக்குச் சரிவராது.

எந்த வரிசையில்?

முதல் வேலைக்குச் செலவே இல்லை. வீட்டிலேயே சார்ஜ் போடுபவர்களுக்கு பங்க்கில் நின்று காற்றுப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகிறது. ரேஞ்ச் கூடுமென்று அளவுக்கு மேல் நிரப்புபவர்களும் உண்டு. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். குறைந்த ஆளுக்கும் முழுப் பாரத்துக்கும் தனித்தனி அளவு இருந்தால் அன்றாடத்துக்கு உரியதை வையுங்கள். காலையில் கார் நகருமுன் பாருங்கள். ஓடிய சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

மிதியை விட்டதும் காரின் வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பும் ரீஜென் பிரேக்கைக் குறைந்த நிலையில் வையுங்கள். அப்போது கார் முன்னால் குனிவது பின்னால் இருப்பவர் தலையைத்தான் ஆட்டுகிறது. முன்சீட்டை ஓரிரு படி உயர்த்தினால் பின்னால் இருப்பவர் அதற்கடியில் காலை நீட்டலாம். தொடை மறுபடி சீட்டில் படியும்.

பிறகு டயர். அதே மாடலின் கீழ்நிலை வேரியன்ட்டுக்குத் தயாரிப்பாளரே சிறிய வீல் கொடுத்திருந்தால் அதற்கு மாறுங்கள். சுமை எண் மட்டும் குறையக் கூடாது. அதன்பின் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஷாக்கின் மேல் மவுண்ட் ஆகியவற்றைச் சோதியுங்கள். சத்தத்துக்கு இவை காரணமாக இருக்கும்போது புது ஷாக் போட்டு என்ன பயன்? கடைசியில்தான் ஷாக். அதைப் போட்ட கையோடு வீல் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

லிஃப்டில் ஏற்றும்போது அருகிலேயே நில்லுங்கள். ஜாக் வைப்பதற்கென்று குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் முட்டுக் கொடுக்க விடாதீர்கள். பேட்டரிப் பெட்டியில் விழும் நெளிவு சஸ்பென்ஷன் செலவை அற்பமாக்கிவிடும். வாரன்ட்டி விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஷோரூமிலும் பட்டறையிலும் சோதனை ஓட்டம் என்றால் வாங்குபவர் ஸ்டியரிங் முன்னால் உட்காருவது என்றே ஆகிவிட்டது. இது மாற வேண்டும். சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறுங்கள்; மறுநாள் அம்மாவையோ அப்பாவையோ ஏற்றி, தினமும் போகும் தெருவிலேயே போய் வாருங்கள். பட்டறைக்காரரிடமும் இதை முன்கூட்டியே பேசிவையுங்கள். பின்சீட்டில் இருப்பவர் சரி என்று சொன்ன பிறகு மீதிப் பணம்.