உங்களுக்குத் தெரியுமா? தோலைத் தொட்ட விரல்
ஆம்பூர் தோல் பட்டறையில் வேலை பார்ப்பவர் கையில் ஒரு கிரிக்கெட் பந்தைக் கொடுங்கள். ஸ்கோர் கேட்பதற்கு முன் தையலைத் தடவிப் பார்ப்பார். நல்ல பந்தில் நான்கு தோல் துண்டுகள், ஆறு வரிசைத் தையல். அமெரிக்கர்களின் பேஸ்பால் பந்துக்கு இரண்டே துண்டுகள், 108 தையல்கள். அங்கே பந்து எறியும் பிட்சர் தரையில் குத்தாமலேயே பந்தை வளைப்பார். இங்கே சுழற்பந்து வீச்சாளர் குத்தித் திருப்ப வேண்டும்.

அப்படித் திருப்பியே டெஸ்ட் கிரிக்கெட்டில் 537 விக்கெட் சாய்த்தவர் சென்னைக்காரர் ரவிச்சந்திரன் அஸ்வின். 1986-இல் பிறந்தவர், பி.டெக். படித்தவர், ஆரம்பத்தில் பேட்ஸ்மேன்! நடுவிரலால் பந்தைச் சுண்டி விடும் அவருடைய கேரம் பந்து, சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடும் பையன்களுக்கு 'சொடக்கு பந்து'. 2011-இல் டெல்லியில் முதல் டெஸ்ட். 106 டெஸ்ட்களில் 37 முறை ஓர் இன்னிங்ஸில் ஐந்து அல்லது அதற்கு மேல் விக்கெட். ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னுக்கும் அதே 37 தான். இலங்கையின் முரளிதரனோ 67, அது வேறு உலகம்.

2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 113 ரன், பிறகு 88 ரன்னுக்கு 6 விக்கெட். அடுத்த மூன்றே மாதத்தில், ஆஸ்திரேலியத் தொடர் முடியும் முன்பே, பிரிஸ்பேனில் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு அறிவித்துவிட்டார்.