'டாக்டர் பொண்ணு' முதல்முறை ஃபெயில் ஆகும்போது... எம்.பி.பி.எஸ் முதலாண்டு விரக்தியை எப்படிச் சமாளிப்பது?

"சாப்டியா பாப்பா?"

"சாப்டேன்ப்பா."

"பரீட்சை எழுதினியே, மார்க் வந்துச்சா?"

"இன்னும் வரலைப்பா."

மார்க் வந்து மூன்று நாள்கள் ஆகியிருக்கும். அனாட்டமி முதல் இன்டர்னலில் நூற்றுக்கு 31. பள்ளியில் எப்போதும் முதலிடம், நீட் தேர்வுக்காக ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படிப்பு, சீட் கிடைத்ததிலிருந்து ஊர் முழுக்க 'டாக்டர் பொண்ணு' என்ற பெயர். அப்படிப்பட்டவர் விடுதி மொட்டைமாடியில் நின்று அப்பாவிடம் சொல்லும் பொய் அது. ஊரும் மதிப்பெண்ணும் மாறலாம். ஆனால், முதல் இன்டர்னல் முடிந்த வாரத்தில் எம்.பி.பி.எஸ் முதலாண்டு விடுதி எதிலும் இப்படி ஓர் உரையாடலைக் கேட்கலாம்.

பிணவறை, ஃபார்மலின் நெடி, முதல்முறை இறந்த உடலைத் தொடுவது... முதலாண்டு என்றதும் வெளியில் இருப்பவர்கள் பயப்படுவது இதற்குத்தான். டிசெக்‌ஷன் ஹாலில் முதல் நாள் உறுதிமொழி எடுக்கும்போது கண் எரியும், சிலருக்குத் தலைசுற்றும், மெஸ்ஸில் சாப்பாடு இறங்காது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களில் இது பழகிவிடுகிறது. பழகாமல் நிற்பது இன்னொன்று: 'நான் இதற்கு லாயக்கில்லையோ?' என்ற எண்ணம்.

அதன் முதல் காரணம் வெறும் கணக்குதான். 150 பேர் கொண்ட வகுப்பில் அநேகமாக எல்லோருமே அவரவர் பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள். இங்கேயும் ஒருவர் 150-வது இடத்தில் இருந்தே ஆக வேண்டும். நேற்றுவரை 'கிளாஸ் ஃபர்ஸ்ட்' என்பதையே தன் அடையாளமாக வைத்திருந்தவருக்கு, 90-வது இடம் என்பது படிப்பில் வந்த சறுக்கலாகத் தெரிவதில்லை. தானே காணாமல்போனது போலிருக்கும். போதாக்குறைக்கு, விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து கலர் பேனாக்களால் நோட்ஸ் எழுதும் மருத்துவ மாணவர்களின் ரீல்ஸ் வேறு. அந்த வீடியோ எடுத்தவர் வாங்கிய மார்க்கை மட்டும் யாரும் காட்டுவதில்லை!

இரண்டாவது காரணம், பலரும் கவனிக்காதது. ஜெயிக்கவைத்த படிப்புமுறையே இங்கே காலை வாருகிறது. நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். விடை நான்கில் ஒன்றாகக் கண்ணெதிரே இருக்கும்; அடையாளம் கண்டால் போதும். முதலாண்டில் வெள்ளைத்தாளைக் கொடுத்து, 'தோள்மூட்டைப் படத்துடன் விவரிக்க' என்பார்கள். வைவாவில் ஒரு எலும்பைக் கையில் கொடுத்து, "இது வலதா, இடதா?" என்பார்கள். புத்தகத்தில் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடினால் ஒன்றும் வராது. பத்துமணிநேரம் படித்தும் 31 வருவது இதனால்தான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பாடத்தை ஒரு பிரிவினர் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் பாடத்தை மூடிவைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப்பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவில் நின்றது.

'பாசிட்டிவா இரு' என்று தோளில் தட்டுவதைவிட, இந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தருவது அதிகம் உதவும். உதாரணத்துக்கு, பிரேக்கியல் பிளெக்சஸ். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகளின் பின்னல். ஐந்து வேர்கள், மூன்று தண்டுகள், ஆறு பிரிவுகள், மூன்று கயிறுகள், கடைசியில் ஐந்து பெரிய கிளைகள். முதலாண்டு மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் படங்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு. இதை இருபது முறை பார்த்தாலும் பரீட்சையில் வராது. புத்தகத்தை மூடிவிட்டு வரைய வேண்டும். முதல்முறை பாதியில் நிற்கும். திறந்து பார்த்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி. மூன்று நாள் கழித்து இன்னொரு முறை. கை தானாக வரையத் தொடங்கும்வரை இதே வேலைதான்.

இங்கிலீஷ் பயமா... லத்தீன் பயமா?

தமிழ்நாட்டில் 2020 முதல், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. நீட் தேர்வையும் தமிழிலேயே எழுதலாம். அப்படி வருபவருக்குக் கல்லூரியில் முதல் நாளே முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் வகுப்பு. 'எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை' என்று தோன்றுவது இயல்பு.

ஆனால், ஒரு ரகசியம் உண்டு. அனாட்டமியில் மிரட்டும் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலமே அல்ல. லத்தீனும் கிரேக்கமும். கான்வென்ட்டில் படித்தவருக்கும் அவை புதிது. அந்தக் காலத்து உடற்கூறாளர்கள் கண்ணால் பார்த்ததற்கு வீட்டுப் பொருள்களின் பெயர்களை வைத்தார்கள், அவ்வளவுதான். காறை எலும்பான கிளாவிக்கிள் என்றால் சின்னச் சாவி. முழங்கால் சில்லு, பட்டெல்லா, சின்னத் தட்டு. இடுப்பில் தொடை எலும்பு வந்து பொருந்தும் குழியான அசிடாபுலம், ரோமானியர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்த வினிகர் கிண்ணம். முதுகுத்தண்டின் கடைசி நுனியான காக்கிக்ஸ், குயிலின் அலகு. மூளைக்குள் ஒரு கடல்குதிரையும் ஒரு பாதாமும்கூட இருக்கின்றன: ஹிப்போகேம்பஸ், அமிக்டலா.

தசைகளின் நீளமான பெயர்களும் இப்படியே. 'எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸ்' என்று படித்ததும் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். உடைத்துப் பார்த்தால்: நீட்டுவது, மணிக்கட்டை, ரேடியஸ் எலும்புப் பக்கமாக, நீளமானது. லாங்கஸ் என்று ஒரு அண்ணன் இருந்தால் பிரெவிஸ் என்று ஒரு குட்டைத் தம்பியும் இருப்பான். தசையின் இடமும் வேலையும் பெயரிலேயே இருக்கின்றன. ஒரு சின்ன நோட்டில் புதிய சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் பொருள் எழுதிவைத்தால், சில மாதங்களில் நோட்டு தேவைப்படாது. வகுப்பில் புரியாததைத் தமிழில் நண்பரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நாளை நோயாளி வலியைச் சொல்லப்போவதும் தமிழில்தானே?

சீனியர்களிடமிருந்து எலும்பு செட் வாங்குவது போலவே, அவர்களின் முதல் இன்டர்னல் மதிப்பெண்ணையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். இறுதியாண்டில் ஜம்மென்று நடப்பவர்களில் பலர் சிரித்துக்கொண்டே சொல்லும் எண் ஆச்சர்யப்படுத்தும்.

ஒரு ஃபெயில் என்றால் என்ன ஆகும்?

மொட்டைமாடியில் நிற்பவருக்கு இது தெரிந்திருப்பது அவசியம். ஒரு இன்டர்னலில் குறைந்ததை அடுத்தடுத்த இன்டர்னல்களில் ஈடுகட்டலாம். பல்கலைக்கழகத் தேர்விலேயே ஒரு பாடம் போனாலும் சப்ளிமென்டரி தேர்வு உண்டு. அதில் தேறினால் அதே பேட்ச்சோடு தொடரலாம். முதலாண்டுக்கு மொத்தம் நான்கு வாய்ப்புகள்தான் என்பதும் உண்மை. அதனால், தள்ளிப்போடாமல் முதல் சறுக்கலிலேயே துறைப் பேராசிரியரிடம் விடைத்தாளோடு போய், "எங்கே தப்பு சார்?" என்று கேட்பது நல்லது. கேட்கத் தயங்கித்தான் பலர் இரண்டாவது இன்டர்னலிலும் அதே இடத்தில் விழுகிறார்கள்.

விரக்தி என்பது வேறு, மனச்சோர்வு நோய் என்பது வேறு. 2016-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான, 43 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரைப்படி, மருத்துவ மாணவர்களில் 27.2 சதவிகிதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அப்படி இருந்தவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 சதவிகிதம் மட்டுமே. மருத்துவம் படிப்பவர்களே மருத்துவரிடம் போகவில்லை! இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, சாப்பாடு பிடிக்காமை, வகுப்புக்கே போகாமல் அறையில் முடங்குவது, 'நான் இருந்து என்ன பயன்' என்ற பேச்சு... இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த இன்டர்னல்வரை காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணிநேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. உயிரை விடும் எண்ணம் பேச்சில் வந்தால், அறைத்தோழி அவரைத் தனியே விடாமல் விடுதிக் காப்பாளரையும் வீட்டையும் உடனே அழைக்க வேண்டும். அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "மார்க் வந்துச்சா?" என்பது தினசரிக் கேள்வியாக இருந்தால், பதிலும் தினசரிப் பொய்யாகிவிடும். "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே, எனக்கும் சொல்லேன்" என்று கேட்டால் பிள்ளை வாயைத் திறக்கும். சொல்லும்போது அதுவே ஒரு ரிவிஷன். உறவினர் வீட்டு விசேஷங்களில் 'டாக்டரம்மா' என்று அறிமுகப்படுத்துவதையும் கொஞ்ச நாள் ஒத்திப்போடலாம். பெருமைதான், ஆனால் முதலாண்டில் அது சுமை.

மொட்டைமாடியில் நின்றவர், நான்காவது நாள் உண்மையைச் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அப்பா, மார்க் வந்துடுச்சு. முப்பத்தொண்ணு."

"நூத்துக்கா?"

"ஆமாப்பா."

"பாஸுக்கு எவ்ளோ?"

"அம்பது."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி. ஞாயித்துக்கிழமை லீவுதானே? அம்மா புளிசாதம் கட்டித் தரேங்கிறா. மொத பஸ்ல வந்துடறேன்."